போனுக்கும் எச்.பி. போட்டிருப்பார்கள்

அமெரிக்காவில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும், ஜூன் கடைசியில் நம் பக்கம் ஒரு கூட்டம் வந்து இறங்கும். பெங்களூரிலோ கோயமுத்தூரிலோ விமானத்தை விட்டு இறங்கி, கார் வைத்துக்கொண்டு திருச்செங்கோடு, ராசிபுரம், ஆத்தூர், சங்ககிரி என்று பிரிந்து போவார்கள். பெட்டியைத் திறந்தால் சாக்லேட், பாதாம், மூட்டுவலி மாத்திரை டப்பா, அதோடு ஒரு ஐபோன். புதுசு கிடையாது. மாப்பிள்ளை அடுத்த மாடலுக்கு மாறியதும் மேஜை டிராயரில் கிடந்தது. 'நாமக்கல் மாமாவுக்குக் கொடுத்துடலாம்' என்று கட்டி எடுத்து வந்திருப்பார்கள்.

ஆகஸ்டில் அவர்கள் திரும்பிப் போனதும் எனக்கு வேலை ஆரம்பிக்கும். சொந்தத்துக்குள் நான்தான் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்'. காதோரம் நரைத்த பிறகும் பையன்தான்.

சித்தி ஒரு நாள் கூப்பிட்டார். "கண்ணு, மாப்பிள்ளை குடுத்துட்டுப் போன செட்டுல நம்ம சிம்மு எடுக்க மாட்டேங்குது. என்னமோ இங்கிலீசுல வருது."

"என்னன்னு வருதுங்க சித்தி?"

"சிம் நாட் சப்போர்ட்டடாம். அவரு இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. மேல ஏர்டெல்னுகூடக் காட்டுச்சே!"

இந்த 'ஏர்டெல்னு காட்டுச்சே'வில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். மாப்பிள்ளை போட்டிருந்தது அமெரிக்க சிம். இங்கே வந்ததும் ரோமிங்கில் ஏர்டெல் டவரைப் பிடித்துக்கொண்டது, மூலையில் ஏர்டெல் என்று எழுதிக் காட்டியது. பார்க்கிறவர்கள் 'இந்தியா டவர் எடுக்குது, அப்புறம் என்ன' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு கம்பெனி தன் சிம்முக்கு மட்டும் என்று லாக் போட்ட போன் டவரைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது சிம்மை.

எப்படிப் பார்க்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சிம்முக்குள்ளும் அதிகபட்சம் 15 இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். நாம் டயல் பண்ணுகிற எண் வேறு, இது உள்ளே கிடக்கும் எண். ஐஎம்எஸ்ஐ என்பார்கள். அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 404, 405. அமெரிக்காவுக்கு 310-இல் தொடங்கி 316 வரை. அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கம் கம்பெனியைச் சொல்லும். 310-ஐ அடுத்து 410 வந்தால் ஏ.டி. அண்ட் டி., 260 வந்தால் டி-மொபைல். லாக் போட்ட போன் சிம்மைத் தொட்டதும் இந்த ஐந்தாறு இலக்கத்தைப் படிக்கும். தனக்குள் எழுதி வைத்திருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தினால் கதவு திறக்கும். அதற்கப்புறம் டாலஸ் டவரோ திருச்செங்கோடு டவரோ, அதற்குக் கவலையில்லை. பொருந்தாவிட்டால் டவருக்குக் கீழேயே கொண்டுபோய் உட்கார வைத்தாலும் எடுக்காது. வைஃபை மட்டும் எப்போதும் வேலை செய்யும். அதனால் வீட்டு வைஃபையில் யூட்யூப் ஓடுவதை வைத்து 'போன் நல்லாத்தான இருக்கு' என்று சொல்லவும் இடமில்லை.

ஆக, கொண்டு வந்தவருடைய சிம் வேலை செய்வதால் எதுவும் நிரூபணம் ஆகாது. வேறு கம்பெனி சிம்மைப் போட்டுப் பார்க்க வேண்டும். அவர் கிளம்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

சித்தி கேட்டதும் ஞாயமான கேள்விதான். "அவரு காசு போட்டு வாங்குன செட்டு. அதுல எவன் எதுக்கு லாக்குப் போடுறான்?"

லாரித் தொழில் தெரிந்த நாமக்கல்காரருக்கு இதை விளக்குவது சுலபம். பைனான்ஸில் எடுத்த லாரியின் ஆர்.சி. புக்கைப் பாருங்கள். ஓனர் பெயருக்குக் கீழே பைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கும், எச்.பி. என்று. வண்டி உங்களுடையதுதான், டிரைவர் போட்டு கல்கத்தா வரைக்கும் ஓட்டலாம். ஆனால் கடைசித் தவணை கட்டி, என்.ஓ.சி. வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் எச்.பி.யை அடித்தால்தான் இன்னொருத்தர் பெயருக்கு மாற்ற முடியும். போன் லாக்கும் அந்த எச்.பி.தான். அமெரிக்காவில் ஆயிரம் டாலர் போனைப் பெரும்பாலும் யாரும் மொத்தப் பணம் கொடுத்து எடுப்பதில்லை. செல்போன் கம்பெனியே 24, 36 மாதத் தவணைக்குப் பிரித்து, மாதப் பில்லோடு சேர்த்துவிடும். பணம் தீரும் வரை அந்த செட்டு தன் சிம்மை விட்டு வேறு சிம்முக்குப் போகக் கூடாது என்று பூட்டி வைத்திருக்கும். சித்தி வீட்டு மாப்பிள்ளையை வாட்ஸ்அப்பில் பிடித்துக் கேட்டேன். கையில் புது போன் வந்துவிட்டதே தவிர, பழையதின் தவணை அவர் பில்லில் இன்னும் போய்க்கொண்டிருந்தது. பாக்கியை ஒரே தடவையில் கட்டி, கம்பெனியிடம் அன்லாக் கேட்டு எழுதினார். சில நாளில் அங்கிருந்தே அவிழ்த்துவிட்டார்கள். சித்தியின் பி.எஸ்.என்.எல். சிம் அதற்குப் பிறகு மறுபேச்சில்லாமல் எடுத்தது.

யாராவது என்னிடம் போனை நீட்டி 'இது லாக்கா, இல்லையா' என்று கேட்டால், செட்டைத் திறப்பதற்கு முன் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதற்குக் காசு கட்டினது யாருங்க? பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

நம் ஊரில் லாக் என்றால் பலருக்குப் பேட்டர்ன் லாக்தான் ஞாபகம் வரும். காரணம், நாம் சேலம் கடைவீதியில் நோட்டை எண்ணி வைத்துவிட்டு செட்டு வாங்கிய ஜனம். செட்டு ஒரு கடை, சிம் ஒரு கடை. ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் கம்பெனி தன் கைக்காசைப் போட்டபோதெல்லாம் இங்கேயும் பூட்டு வந்திருக்கிறது.

ரிலையன்ஸ் இன்ஃபோகாம் ஞாபகம் இருக்கிறதா? 2002 டிசம்பர் 28, திருபாய் அம்பானியின் பிறந்தநாளில் தொடங்கினார்கள். 2003 ஜூலையில் 'மான்சூன் ஹங்காமா' என்று ஒரு திட்டம். 501 ரூபாய் கட்டினால் கையில் செட்டு. செல்போன் என்பது ரைஸ்மில் முதலாளி, பஸ் ஓனர் பாக்கெட்டில் மட்டும் இருந்த காலம் அது. 501 ரூபாய் என்றதும் கோழிப்பண்ணை சூப்பர்வைசர், தறிக்காரர், லாரி டிரைவர் எல்லோரும் வாங்கினார்கள். அது சிடிஎம்ஏ என்கிற தொழில்நுட்பம். அந்த முதல் செட்டுகளில் சிம் போட இடமே இருக்காது. எண் செட்டுக்குள்ளேயே ஏற்றப்பட்டிருக்கும். இதைவிடப் பெரிய பூட்டு எது? கழற்ற ஒன்றும் இல்லாத இடத்தில் எதை மாற்றுவது?

இதன் வலி வேறு யாரையும் விட லாரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அப்போது தமிழ்நாட்டை விட்டு வெளியே போனால் ரோமிங். வருகிற காலுக்கும் காசு. நோக்கியா வைத்திருந்த டிரைவர் ஓசூர் தாண்டியதும் அத்திப்பள்ளியில் லாரியை ஓரங்கட்டி, பேட்டரியைக் கழற்றி, பர்ஸில் மடித்து வைத்திருக்கும் கர்நாடகா சிம்மைப் போட்டுக்கொள்வார். மகாராஷ்டிராவுக்கு ஒன்று, ஆந்திராவுக்கு ஒன்று என்று லைசென்ஸ் கவருக்குள் நாலைந்து சிம் இருக்கும். பக்கத்து வண்டியில் ரிலையன்ஸ் செட்டு வைத்திருந்தவருக்கு இந்த வித்தையெல்லாம் நடக்காது. அதற்காக ரிலையன்ஸைத் திட்டித் தள்ளவும் எனக்கு மனசு வரவில்லை. எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துப் பயந்து பயந்து பேசின காலத்தில், ரிலையன்ஸ் செட்டிலிருந்து ரிலையன்ஸ் செட்டுக்கு வெளியூர் நிமிடம் 40 பைசா. பூட்டுக்கு ஈடாக ஒன்று கிடைத்தது. நிறையப் பேர் பில் கட்டாமல் விட்டதில் கம்பெனிக்குப் பெரிய பாக்கி விழுந்தது என்பது வேறு கதை. 2016-இல் சிடிஎம்ஏவை மூடிவிட்டு 4ஜிக்குப் போனபோது அந்த செட்டுகள் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் ஆயின.

இதற்கு நேர் எதிர்க் கதை ஏர்செல். 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய கம்பெனி. சேலம், நாமக்கல், ஈரோட்டுப் பக்கம் ஒரு காலத்தில் ஏர்செல் எண் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். 2018 பிப்ரவரியில் திடீரென்று டவர் போனது. பேங்க் ஓடிபி வரவில்லை, கேஸ் புக் பண்ண முடியவில்லை, ஏர்செல் ஆபீஸ் வாசலில் கூட்டம் நெருக்கியது. அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு போட்டது. என்ன ஆயிற்று? எல்லோரும் 'போர்ட்' என்று அடித்து 1900-க்கு மெசேஜ் அனுப்பினார்கள். கோடு வருவதற்குள் உயிர் போனது. வந்ததும் வேறு கம்பெனி சிம்மை வாங்கி அதே செட்டில் போட்டுக்கொண்டார்கள். எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரி 20-இலிருந்து நாடு முழுக்க இருந்ததால் எண் பிழைத்தது. செட்டில் பூட்டு இல்லாததால் செட்டு பிழைத்தது. அத்தனை போனும் ஏர்செல் சிம்முக்கு என்று பூட்டியிருந்தால், அந்த மார்ச் மாதம் நம் மாவட்டத்தில் எத்தனை செட்டு குப்பைக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காசும் முழுசாக வாங்கி பூட்டும் போட்ட கூத்தும் நடந்திருக்கிறது. 2008 ஆகஸ்ட் 22-இல் ஐபோன் 3ஜியை ஏர்டெல்லும் வோடஃபோனும் இந்தியாவில் விற்க ஆரம்பித்தன. 8 ஜிபி செட்டு 31,000 ரூபாய். அமெரிக்காவில் அதே செட்டு இரண்டு வருஷ ஒப்பந்தத்தோடு 199 டாலர். அங்கே கம்பெனி மீதிப் பணத்தைப் போட்டது, பூட்டியது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே மொத்தமும் நம் காசு, பூட்டு மட்டும் இலவசம். இந்தியாவில் அந்த ஐபோன் ஓடாமல் போனதற்கு விலையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இந்தப் பூட்டும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கம்ப்யூட்டரில் செருகுகிற நெட் டாங்கிள்கள் வந்த காலத்திலும் இதே கதைதான். கம்பெனி பெயர் போட்டு விற்றதில் வேறு சிம் போட்டால் கோடு கேட்கும். கடைகளில் டிசி அன்லாக்கர் மாதிரி சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு, இருநூறோ முந்நூறோ வாங்கிக்கொண்டு அவிழ்த்துக் கொடுத்தார்கள்.

அடுத்தது ஜியோபோன். 2017 ஜூலை 21-இல் அறிவித்தார்கள். 1,500 ரூபாய் டெபாசிட், மூன்று வருஷம் கழித்துத் திருப்பித் தருவோம் என்றார்கள். பட்டன் போனில் 4ஜி. காட்டில் களை எடுக்கப் போகும் பாட்டி இடுப்பில் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்டதை அந்தப் போனில்தான் முதலில் பார்த்தேன். ஜியோ சிம்மைத் தவிர வேறு எதையும் அது ஏற்காது. 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத்தும் அப்படித்தான். மலிவு விலையில் கிடைத்த வரை யாரும் இதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024 ஜூலை தொடக்கத்தில் ஜியோ, ஏர்டெல், வி.ஐ. மூன்றும் கட்டணத்தை ஏற்றின. 'பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறிடலாம்' என்று ஊரே கிளம்பியபோது ஜியோபோன் வைத்திருந்தவர்கள் மட்டும் நின்றுவிட்டார்கள். எண்ணைப் போர்ட் பண்ணலாம், செட்டைப் பண்ண முடியாது. மாற வேண்டுமென்றால் வேறு பட்டன் போன் வாங்க வேண்டும்.

சரி, கையில் இருக்கிற போனை எப்படிப் பார்ப்பது?

ஐபோனாக இருந்தால் வேலை சுலபம். செட்டிங்ஸ் போய், ஜெனரல், அபவுட். கீழே தள்ளிக்கொண்டே வந்தால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி. எதிரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் பூட்டு இல்லை. 'சிம் லாக்டு' என்றால் இருக்கிறது. வேறு எதுவும் தேவையில்லை, சிம்கூடத் தேவையில்லை. அதே பக்கத்தில் மேலே மாடல் நம்பர் இருக்கும். கடைசியில் எல்எல்/ஏ என்று முடிந்தால் அமெரிக்காவுக்குப் போன செட்டு, எச்என்/ஏ என்றால் இந்தியாவுக்கு வந்தது. முதல் எழுத்தையும் பார்த்து வையுங்கள். எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் கம்பெனியே சரிபண்ணி மறுபடி விற்றது, என் என்றால் ரிப்பேருக்குப் பதிலாக மாற்றிக் கொடுத்தது. விற்கிறவர் 'புதுசா வாங்குனதுங்ணா' என்று சொல்லும்போது இந்த எழுத்து உதவும்.

ஆண்ட்ராய்டில் இப்படி எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக ஒரு வரி கிடையாது. வேறு கம்பெனி சிம்மைப் போட்டு, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள். பூட்டு இருந்தால் 'சிம் நெட்வொர்க் அன்லாக் பின்' என்று ஒரு கட்டம் வந்து கோடு கேட்கும். அந்தக் கட்டத்தில் விளையாட்டுக்குக்கூட எதையும் அடிக்காதீர்கள். தப்பான கோடுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கும், அது தீர்ந்தால் நிரந்தரமாக மூடிக்கொள்ளும். பழைய சாம்சங்கில் *#7465625# அடித்தால் எந்தெந்தப் பூட்டு ஆனில் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். பழைய கீபேடில் அந்த எண்களுக்கு மேலே இருக்கும் ஆங்கில எழுத்துகளைக் கோத்தால் 'சிம்லாக்' என்று வரும். எவனோ ரசித்துச் செய்திருக்கிறான். புது மாடல்கள் பலவற்றில் இதற்குப் பதில் வருவதில்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். சேலத்தில் ஒரு கடையில் நண்பனுக்கு ஐபோன் பார்க்கப் போனோம். ஸ்க்ராட்ச் இல்லாத செட்டு, விலையும் ஐந்தாறாயிரம் குறைவு.

"அன்லாக் செட்டுதாங்ணா. ஜியோ ஓடுது பாருங்க, நெட்டு பிச்சிக்கிட்டுப் போகுது" என்றார் கடைப் பையன்.

ஓடத்தான் செய்தது. நான் ஊசியை வாங்கி சிம் டிரேயை வெளியே எடுத்தேன். ஜியோ சிம்முக்கு அடியில், சிம்மின் அளவுக்கே வெட்டின ஒரு மெல்லிய தகடு. அதிலும் தங்க நிறக் கட்டங்கள், நடுவில் கடுகளவு சிப்பு. இதை ஆர்-சிம் என்பார்கள், கடை பாஷையில் 'சிப் அன்லாக்'. சிம்முக்கும் போனுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, போன் கேட்கும்போது 'நான் அமெரிக்கக் கம்பெனி சிம்தான்' என்று பொய் சொல்லும். பூட்டு அப்படியே இருக்கும். தகட்டை எடுத்தால் செத்துப் போகும், ஐஓஎஸ் அப்டேட் போட்டால் பல சமயம் அதோடு சரி. அபவுட் பக்கத்தைத் திறந்து 'கேரியர் லாக்' வரியைக் காட்டினேன். 'சிம் லாக்டு' என்றே இருந்தது. தகடு சொல்லும் பொய்யை அந்த வரி நம்பவில்லை.

பையன் சிரித்தான். "தெரிஞ்சவங்களுக்குச் சொல்லித்தாங்ணா குடுப்போம்." தெரியாதவர்களுக்கு?

கடைக்காரர்கள் 'பேக்டரி அன்லாக்' என்று தனியாகச் சொன்னால், கம்பெனியே அவிழ்த்துவிட்ட செட்டு என்று அர்த்தம். விலை வித்தியாசம் அதனால்தான். சிப் செட்டை சிப் செட்டு என்று சொல்லி, அந்த விலைக்கு விற்றால் எனக்கு ஒன்றும் ஆட்சேபனை இல்லை.

இன்னொரு பக்கம், பூட்டே இல்லாத போனைப் பூட்டு என்று நினைத்து ஒதுக்கி வைப்பவர்களும் உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது இந்தக் குழப்பம் தெருவெல்லாம் நடந்தது. பழைய 3ஜி போனில் ஜியோ சிம்மைப் போட்டுவிட்டு 'டவர் எடுக்கல, லாக்கு' என்றார்கள். ஜியோவிடம் 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. பேசுவதற்கே, 4ஜியில் பேச வைக்கும் வோல்ட்டி வசதி செட்டில் வேண்டும். இப்போது பி.எஸ்.என்.எல். 4ஜியிலும் இதே கதை. அது 700 மெகாஹெர்ட்ஸில், அதாவது பேண்ட் 28-இல் ஓடுகிறது. அந்த பேண்ட் இல்லாத செட்டில் ஒழுங்காக எடுக்காது. வெளிநாட்டுச் செட்டு சிலவற்றில் ஜியோவும் ஏர்டெல்லும் பயன்படுத்துகிற பேண்ட் 40 இருக்காது. இதற்கெல்லாம் எந்தக் கடையில் எந்தக் கோடு போட்டாலும் பிரயோஜனம் இல்லை. பூட்டு என்றால் 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்றோ கோடு கேட்டோ திரையில் எழுதிக் காட்டும். வெறுமனே 'நோ சர்வீஸ்' என்று நின்றால் பேண்டைப் பாருங்கள்.

அரபு நாட்டிலிருந்து வருகிற சாம்சங்கில் இன்னொரு தினுசு இருந்தது. 2013-இல் நோட் 3 வந்த காலத்திலிருந்து டப்பாவின் மேல் ஒரு ஸ்டிக்கர்: இந்தப் பகுதி சிம்மில்தான் முதலில் ஆன் பண்ண வேண்டும். அங்கத்திய சிம்மில் ஐந்து நிமிடம் பேசிவிட்டால் அவிழ்ந்துவிடும். சீல் பிரிக்காமல் புதுசாகக் கொடுக்க வேண்டுமென்று ஆசையாகக் கொண்டு வந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஆப்பிரிக்காவில் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு இருக்கும் திருச்செங்கோட்டுக்காரர்களிடமும், துபாயில் இருப்பவர்களிடமும் நான் சொல்வது: பிரித்து, அங்கேயே யாருக்காவது ஒரு போன் பேசிவிட்டுக் கொண்டு வாருங்கள். சீல் முக்கியமா, செட்டு முக்கியமா?

எந்த சிம்மைப் போட்டாலும் எடுக்கவில்லை, இந்திய செட்டுதான் என்றால் வேறு விஷயமாகவும் இருக்கலாம். திருட்டுப் போனோ தொலைந்த போனோ என்று புகார் ஆகி, சிஇஐஆர் என்கிற அரசுப் பதிவேட்டில் தடை விழுந்திருக்கும். *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ வரும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்தும் ஒரு இடைவெளியும் விட்டு அந்த எண்ணை அடித்து 14422-க்கு மெசேஜ் போட்டால் நிலவரம் வந்துவிடும். 2023 மே மாதம் வந்த சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். கம்பெனிப் பூட்டு இருக்கிறதா என்பதை மட்டும் இது சொல்லாது. 'ஐஎம்இஐயை மாத்தி ஓட வைக்கிறேன்' என்று யாராவது சொன்னால் செட்டை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு 3 வருஷம் வரை ஜெயில், 50 லட்சம் வரை அபராதம்.

சமீபத்திய பூட்டு, தவணை லாக். கடையில் ஆதாரையும் பாஸ்புக்கையும் கொடுத்து இ.எம்.ஐ.யில் எடுத்த போனில் பைனான்ஸ்காரர் ஒரு ஆப்பைச் செருகி வைத்திருப்பார். தவணை தவறினால் திரையே மூடிக்கொள்ளும். சிம் எந்தக் கம்பெனி என்று அதற்குக் கவலையில்லை. செகண்ட் ஹேண்டில் இப்படி ஒரு போன் வந்து மாட்டினால், விற்றவர் கட்ட வேண்டிய பாக்கியை நாம் கட்டுகிற கதையாகிவிடும். செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்' பகுதியைத் திறந்து, பெயர் தெரியாத ஆப் எதற்காவது அதிகாரம் கொடுத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பில் கேளுங்கள். பில்லில் பைனான்ஸ் பெயர் இருந்தால் பாக்கி தீர்ந்ததற்குச் சீட்டும் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பூட்டை அவிழ்க்கிற அதிகாரம் பூட்டினவருக்குத்தான். அமெரிக்காவில் ஒரு காலத்தில், 2013 ஜனவரி முதல், கம்பெனி அனுமதி இல்லாமல் அவிழ்ப்பதே சட்டவிரோதமாக இருந்தது. அதை மாற்றி 2014 ஆகஸ்ட் 1-இல் ஒபாமா கையெழுத்துப் போட்டார். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து பூட்டி விற்கவே கூடாது, பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து கூடாது. ஆகவே டொரண்டோ, லண்டன் பிள்ளைகள் அனுப்புகிற புதிய செட்டுகளில் இந்தத் தொல்லை வருவதில்லை. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. என்றால் முழுப் பணமும் கட்டியிருக்க வேண்டும், 60 நாள் ஓடியிருக்க வேண்டும். டி-மொபைல் போஸ்ட்பெய்டு என்றால் பணம் கட்டி முடித்து 40 நாள். வெரைசன் பல வருஷம் 60 நாளில் கேட்காமலே அவிழ்த்து வந்தது. இந்த விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள். ப்ரீபெய்டுக்கு வேறு கணக்கு. அங்கே இருப்பவர் தன் கணக்கைத் திறந்து கேட்பதுதான் வழி. ஐபோனில் கோடு எதுவும் வராது. கம்பெனி அனுமதித்ததும் ஆப்பிள் பக்கம் பதிவாகி, போன் நெட்டில் இணையும்போது பூட்டு தானாகப் போய்விடும். இருபது டாலர் அனுப்பு, கோடு தருகிறேன் என்கிற வெப்சைட்டுகளுக்கு அனுப்பின பணம் கோவில் உண்டியலில் போட்ட கணக்கு.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். 2022-இல் வந்த ஐபோன் 14-இலிருந்து அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் டிரேயே கிடையாது, எல்லாம் இ-சிம். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு செட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டையைத் தேடிய கடைக்காரரை நாமக்கல் பரமத்தி ரோட்டிலேயே பார்த்திருக்கிறேன். வேறு கம்பெனி சிம்மைப் போட்டுப் பார்ப்பது என்ற நம் பழைய வழி அங்கே சட்டென்று நடக்காது. அபவுட் பக்கத்தில் இருக்கிற அந்த வரிதான் சாட்சி. அதனால் இப்போதெல்லாம் மே மாதமே அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிடுகிறேன்: கொண்டு வரப்போகிற செட்டின் அபவுட் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுங்க, பேட்டரி ஹெல்த் எத்தனை சதவீதம் இருக்குன்னும் சேர்த்து அனுப்புங்க.